கூட்டைக் கலைப்பதும் வேட்டைதான்

பறவை பார்க்கக் கிளம்பும் ஒவ்வொருவரும் 1972-ம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு பிரிவையாவது படித்திருக்க வேண்டும். வேட்டை என்றால் என்ன என்று சொல்லும் பிரிவு அது. சுடுவதும் பொறி வைப்பதும் மட்டுமல்ல, காட்டுப் பறவைகளின் முட்டைகளுக்கோ கூடுகளுக்கோ தொந்தரவு தருவதும் வேட்டைதான் என்கிறது சட்டம். கையில் இருப்பது துப்பாக்கியா கேமராவா என்று அது கேட்பதில்லை.

இந்தக் கண்டிப்பின் நியாயத்தை உணர, பெரும் இருவாச்சியின் கூட்டை நினைத்துப் பார்த்தால் போதும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பெண் பறவை பெருமரத்துப் பொந்துக்குள் புகுந்து, எச்சத்தைக் குழைத்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். மிஞ்சுவது அலகு நுனி நுழையும் அளவுக்கு ஒரு பிளவுதான். உள்ளே அதன் சிறகுகள் உதிர்ந்து முளைப்பதால் பறந்து தப்பவும் முடியாது. பல வாரங்களுக்கு அதற்கும் குஞ்சுக்கும் ஆண் பறவை ஒன்றே படியளக்க வேண்டும்.

தொண்டையில் அத்திப் பழங்களை நிரப்பிக்கொண்டு வரும் ஆண், நேரே பொந்துக்குப் போவதில்லை. பக்கத்து மரத்தில் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்க்கும். பிறகுதான் வந்து, பழங்களை ஒவ்வொன்றாகக் கக்கி எடுத்துப் பிளவு வழியே ஊட்டும். மரத்தடியில் முக்காலிகளோடு ஆட்கள் நின்றால் அது தயங்கும். சில வேளை ஊட்டாமலே திரும்பிவிடும். படம் பிடிப்பவருக்கு அது கைநழுவிய ஒரு வாய்ப்பு. உள்ளே இருப்பவற்றுக்கு ஒரு வேளைப் பட்டினி. பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே குஞ்சு. கூடு கைவிடப்பட்டால் அந்த ஜோடிக்கு அந்த ஆண்டே வீண்.

ஒருவர் சிறிது நேரம் தொலைவில் நின்று பார்த்துவிட்டுப் போவதால் கேடு வந்துவிடாது. சிக்கல், கூட்டின் இடம் ஊரறிந்து போவதில்தான். ஒரு படம், அதோடு கூடு இருக்கும் தோட்டத்தின் பெயர், வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரைபடச் சுட்டி. அடுத்த வார இறுதியில் வண்டிகள் வரிசையில் நிற்கும். இருவாச்சி அதே பொந்துக்கு ஆண்டுதோறும் திரும்பும் பறவை. வெளியே கசிந்த முகவரியைத் திரும்பப் பெற முடியாது. பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளை இடும் ஈ-பேர்ட் தளம் ஆபத்திலுள்ள சில இனங்களின் துல்லியமான இடத்தைப் பொதுப் பார்வைக்கு மறைப்பதும் இதனால்தான்.

“படம் பார்த்துத்தானே மக்களுக்குப் பறவை மேல் பற்று வருகிறது?” என்பார்கள். உண்மைதான். ஆனால் அத்தி மரத்தில் பழம் தின்னும் இருவாச்சியின் படமும் அந்தப் பற்றைத் தரும். கூட்டுப் படத்தில் கூடுதலாகக் கிடைப்பது, எடுத்தவருக்கு நாலு பேரின் பாராட்டு.

வழிகாட்டிகளையும் ஓட்டுநர்களையும் மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கூட்டைக் காட்டினால் காசு என்று பழக்கியவர்கள் நாம்தான். அருணாச்சலப் பிரதேசத்தின் பக்கே பகுதியில் 2011-ல் தொடங்கிய கூடு தத்தெடுப்புத் திட்டம் இந்தக் கணக்கை மாற்றிப் போட்டது. வெளியூர்க்காரர்கள் தரும் நன்கொடையில், உள்ளூர் நிஷி மக்கள் இருவாச்சிக் கூடுகளைத் தேடிக் கண்டு காவல் காக்கிறார்கள். கூட்டைக் காட்டுவதற்கு அல்ல, காப்பதற்கு அங்கே கூலி.

இங்கும் செய்ய முடியும். இனப்பெருக்கக் காலத்தில் கூட்டு மரங்களை வனத்துறையும் தோட்ட நிர்வாகங்களும் பார்வையாளர்களுக்கு மூடலாம். கூட்டுப் படங்களை ஏற்க மாட்டோம் என்று புகைப்படப் போட்டி நடத்துபவர்கள் அறிவிக்கலாம். பரிசும் பாராட்டும் நின்றால் பாதிக் கூட்டம் தானே கலையும்.

மீதிப் பொறுப்பு பறவை பார்ப்பவர்களுடையது. கூட்டைக் காட்டுகிறேன் என்று யாராவது அழைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தற்செயலாகக் கண்ணில் பட்டால் உடனே விலகுங்கள். இடத்தை வனத்துறைக்கோ ஆய்வாளருக்கோ மட்டும் தெரிவியுங்கள். வேறு எவருக்கும் அந்த முகவரி தேவையில்லை.