வந்தானா, வந்திருக்கிறானா?

இக்கல்லூரியிற் பயின்று வெளிப்போந்து, தருமபுரி மாவட்டத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் தொழிலை மேற்கொண்ட எனக்கு, ஆண்டுதோறும் தவறாது எதிர்ப்படும் இடர் ஒன்றுண்டு. அது ‘பிரசன்ட் பெர்பெக்ட்’ என ஆங்கில இலக்கண நூலார் கூறும் காலவடிவமாம். பென்னாகரம், அரூர், பாலக்கோடு முதலிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களினின்றும் வரும் மாணவர், இவ்வடிவத்தின் வாய்பாட்டை நெட்டுருச் செய்து பிழையின்றி ஒப்புவிப்பர். எனினும், பேசத் தொடங்கிய அளவில், “ஹி ஹாஸ் கம் எஸ்டர்டே” என்பர். வேலைக்கான நேர்முகத் தேர்வொன்றில் இத்தகைய வாக்கியத்தைச் சொல்லிய என் மாணவனொருவன், கேட்டோர் நகைத்தமையால் மேற்கொண்டு வாய் திறவாது மீண்டான். அவன் அறிவிலி அல்லன். தமிழை நன்கு அறிந்தவன். அவன் பிழையின் வேர் அத்தமிழறிவிலேயே உளது. அதனைக் களையும் கருவியும் அதுவே என்பது என் கருத்து.

நம் மொழியில் இக்காலவடிவம் இல்லையெனச் சிலர் எண்ணுவர். அது பொருந்தாது. “ஒகேனக்கல் அருவியைக் கண்டிருக்கிறேன்” என்கின்றோம். ‘கண்டு’ என்னும் வினையெச்சத்தோடு ‘இரு’ என்னும் துணைவினை சேர்ந்து, முன்பு கண்ட காட்சி இன்றும் நம் அனுபவமாய் நிற்றலை உணர்த்துகின்றது. ஆங்கிலேயரும் இவ்விடத்து ‘ஐ ஹாவ் சீன்’ என்றே கூறுவர். இதுகாறும் இரு மொழியும் ஒரே வழியிற் செல்வன. அவை பிரியும் இடங்கள் மூன்று.

முதலாவது, விடியலில் நனைந்த மண்ணைக் கண்டு, “நேற்றிரவு மழை பெய்திருக்கிறது” என்போம். நேரிற் காணாததை அடையாளங்கொண்டு துணிதலை இங்கே ‘இரு’ காட்டுகின்றது. ஆதலின் ‘நேற்று’ என்னுஞ் சொல் அதனோடு முரணுவதில்லை. ஆங்கிலத்திலோ, முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல் வந்தவிடத்து இவ்வடிவம் நில்லாது. ‘இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ என இறந்தகாலமே வரும்.

இரண்டாவது, “சாப்பிட்டாயா?” என்று இறந்தகாலத்தால் வினவுகின்றோம், “சாப்பிட்டுவிட்டேன்” என்று ‘விடு’ சேர்த்து விடை தருகின்றோம். ஆங்கிலேயர் இரண்டிற்கும் ‘ஹாவ்’ சேர்ப்பர். அமெரிக்கர் பேச்சில் நம்மைப் போல இறந்தகாலம் வழங்குதலும் உண்டு.

மூன்றாவது, “பத்து ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன்” என நாம் நிகழ்காலத்தாற் கூறுவதை, மாணவர் அவ்வாறே பெயர்த்து, “ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்” என்பர். முன்பு தொடங்கி இன்றளவும் நீளும் செயலுக்கு ஆங்கிலம் ‘ஐ ஹாவ் லிவ்ட்’ என்னும்.

ஆகவே, ஆங்கிலம் ஒரு வடிவால் முடிக்கும் பணியை நாம் இறந்தகாலம், நிகழ்காலம், ‘இரு’, ‘விடு’ என நான்காகப் பகிர்ந்து வைத்துள்ளோம். இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானியர் மொழியிலும் ‘கிதே இரு’ என்பது ‘வந்து இருத்தல்’ என்னும் பொருளது, “சாப்பிட்டாயா?” என்பதை அவரும் இறந்தகால வடிவாலேயே வினவுவர். ஆங்கிலம் பயிலுங்கால் அவரும் நம்மைப் போலவே இடறுவர்.

இவ்வேறுபாட்டைத் தமிழில் எடுத்துரைப்பின் அரைமணியில் விளங்கும். ஆயினும், ஆங்கில வகுப்பில் தமிழ்ச்சொல் எழலாகாது என்றும், எழுமாயின் தண்டம் என்றும் விதிக்கும் பள்ளிகள் இன்றும் உள. வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு வரைந்த இலக்கணம் இலத்தீனில் அமைந்தது. அது 1738-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் அச்சேறியது. போப்பையர் தமிழ் பயில்வோர்க்கென இயற்றிய கைந்நூல் ஆங்கிலத்தில் உளது. தாம் முன்னறிந்த மொழியின் வாயிலாக நம் மொழியைக் கற்றல் அவர்க்கு இழுக்காகாதெனின், நம் மொழியின் வாயிலாக அவர் மொழியைக் கற்றல் நமக்கு மட்டும் இழுக்காமோ?

தமிழைத் துணைக்கொள்ளின் மாணவர் எதனையும் மொழிபெயர்த்தே பேசுவர் என்பாரும் உளர். ஆங்கிலத்தை மிகுதியாகக் கேட்டலும் படித்தலும் வேண்டுமென்பதை யானும் மறுக்கேன். ஆனால், வீட்டிலும் தெருவிலும் ஆங்கில ஒலியே கேளாத மாணவன், வகுப்பில் தமிழ் தடுக்கப்பட்டாலும் மனத்தினுள் மொழிபெயர்த்துக்கொண்டே இருப்பான். அம்மொழிபெயர்ப்பை வெளிக்கொணர்ந்து திருத்துதல் நன்றோ, ஒளித்து வைத்துப் பிழைபட விடுதல் நன்றோ?

நேர்முகத் தேர்வினின்றும் மீண்ட அம்மாணவனுக்கு, பின்னர் இவற்றையெல்லாம் தமிழிலேயே விளக்கினேன். கேட்டு முடித்தவன், “இதை முன்னமே சொல்லியிருக்கலாமே, ஐயா” என்றான். அக்குறை என்னுடையது. இதனைப் படிக்கும் ஆசிரிய நண்பர்கள் அதனைத் தமதாக்கிக் கொள்ளாதிருப்பாராக.