மார்பகப் புற்றுநோய்: ‘தைரியமா இரு’ என்றால் போதுமா? வழித்துணை யார்?

‘ஒண்ணும் ஆகாது, தைரியமா இரு.’ மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு பெண் திரும்பத் திரும்பக் கேட்கும் வாக்கியம் இது. சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால், அன்று ராத்திரி அவர் தூங்காமல் யோசிப்பது வேறு விஷயங்களை. ஆஸ்பத்திரிக்குக் கூட யார் வருவார்கள்? வேலைக்குப் போகாவிட்டால் குழு தவணையை எப்படிக் கட்டுவது? பிள்ளைகளுக்கு யார் சமைப்பது? மகளுக்கு வரன் பார்க்கும்போது இதைச் சொல்வதா, மறைப்பதா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்போதுதான் நம்பிக்கை பிறக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தையும் மாமல்லபுரம் கடற்கரையையும் எடுத்துக்கொண்டால், சிகிச்சை தரும் இடங்கள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. அரசின் திட்டங்களும் இருக்கின்றன. ஆனால், கட்டியைத் தொட்டுப் பார்த்துப் பயந்து நிற்கும் ஒரு பெண்ணை அங்கே கூட்டிப்போய், சிகிச்சை முடியும்வரை கூடவே நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்பதுதான் கேள்வி.

எண்கள் சொல்வது என்ன?

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ல் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் சுமார் 98,000 பேர் இந்த நோயால் இறந்தார்கள். இந்தியப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுதான்.

எண்ணைப் பார்த்ததும் பயம் வருவது இயல்பு. இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தியாவின் 11 புற்றுநோய்ப் பதிவகங்களின் தரவுகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2024-ல் வெளியானது. நோய் கண்டறியப்பட்டு 5 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருப்போர் விகிதம் 66.4 சதவீதம் என்றது அந்த ஆய்வு. கட்டி மார்பகத்தைத் தாண்டாத நிலையில் கண்டுபிடித்தால் இது 81 சதவீதம். வேறு உறுப்புகளுக்குப் பரவிய பிறகு என்றால் 18 சதவீதம்தான்.

நோய் ஒன்றுதான். எப்போது கண்டுபிடிக்கிறோம் என்பதில்தான் இவ்வளவு வித்தியாசம். கட்டி தெரிந்து டாக்டரைப் பார்த்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் என்னவென்று உறுதி செய்துவிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிகிச்சை தொடங்கிய பெண்களில் குறைந்தது 80 சதவீதம் பேர் அதை முழுமையாக முடிக்க வேண்டும் என்பதும் அதன் இலக்கு. இங்கே நாம் தடுமாறுவது இந்த இரண்டு இடங்களில்தான். ஒன்று, தாமதமாகப் போவது. இன்னொன்று, பாதியில் விடுவது.

ஏன் தாமதம்?

முதல் காரணம், பெரும்பாலும் ஆரம்பக்கட்டக் கட்டி வலிப்பதில்லை. ‘வலிக்கலையே, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று மாதங்கள் ஓடிவிடும். மார்பிலோ அக்குளிலோ புதிதாகக் கட்டி, தோலில் குழி விழுவது, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் கலந்த கசிவு, இவற்றில் எது இருந்தாலும் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது. எல்லாக் கட்டியும் புற்றுநோய் கிடையாது. பெரும்பாலான கட்டிகள் சாதாரணமானவை. அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர் மட்டுமே.

இரண்டாவது, கூச்சம். ஆண் டாக்டராக இருந்தால் காட்ட முடியாது என்று தள்ளிப்போடுபவர்கள் உண்டு. மூன்றாவது, காதுவழிச் செய்திகள். ‘ஊசி குத்தி எடுத்தா நோய் பரவிடும்’ என்பது அதில் முக்கியமானது. பயாப்ஸி எடுப்பதால் புற்றுநோய் பரவிவிடும் என்ற பயம் தேவையற்றது. எந்த மருந்து கொடுப்பது என்று முடிவு செய்யவே அந்தப் பரிசோதனை வேண்டும். இது தொற்றுநோயும் கிடையாது. பரம்பரையாக வருவது நூற்றில் 5 முதல் 10 பேருக்குத்தான்.

‘கீமோ போட்டா முடி போயிடும்’ என்பது உண்மை, பல மருந்துகளில் கொட்டும். சிகிச்சை முடிந்ததும் பெரும்பாலும் திரும்ப முளைக்கும். இதை முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால், தலையணையில் முடியைப் பார்க்கும் அந்தக் காலை அவ்வளவு பயங்கரமாக இருக்காது.

2,000 கிலோமீட்டர் தூரம்

மாமல்லபுரத்தைச் சுற்றியுள்ள கடற்கரைக் குப்பத்தில் மீன் விற்கும் ஒரு பெண்ணின் நிலையிலிருந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சந்தேகம் வந்தால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து செங்கல்பட்டு ஜி.ஹெச். என்று எல்லோரும் சொல்லும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சுமார் 30 கி.மீ. அதற்குப் பிறகு காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, சுமார் 65 கி.மீ. அல்லது ஈ.சி.ஆர். வழியாக வடக்கே அடையாறு புற்றுநோய் மையம். தெற்கே போனால் புதுச்சேரி ஜிப்மர்.

சிகிச்சை ஒரே நாளில் முடிவதில்லை. பலருக்கு அறுவை சிகிச்சை, 2 அல்லது 3 வாரத்துக்கு ஒருமுறை கீமோ, அதற்குப் பிறகு கதிர்வீச்சு. கதிர்வீச்சை நம் ஊரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். வாரத்தில் 5 நாள், பெரும்பாலும் 3 முதல் 5 வாரம். 3 வாரம் என்றே வைத்துக்கொள்வோம். மாமல்லபுரத்திலிருந்து காரப்பேட்டைக்கு 15 நாள் போய்வந்தால் கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர். ஒவ்வொரு சிட்டிங்கும் சில நிமிடம்தான். அதற்காக ஒரு முழுநாள் போகும். காலை ஏலத்தில் மீன் எடுக்க முடியாது, கூடை தூக்க முடியாது. கூட வருபவரின் கூலியும் சேர்ந்து போகும்.

சிகிச்சை இலவசமாகவே இருந்தாலும் குடும்பம் கடனாளியாவது இப்படித்தான். பாதியில் விடுபவர்களைப் பார்த்து ‘அலட்சியம்’ என்று சொல்வது எளிது. அதைச் சொல்வதற்கு முன்னால் அவர்களுடைய பஸ் டிக்கெட்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இருக்கும் உதவிகள் என்னென்ன?

தமிழ்நாட்டில் புற்றுநோய்க்கான போராட்டத்தைத் தொடங்கி வைத்ததே ஒரு குடும்பத்தின் துயரம்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்தார். அந்த நினைவோடு அவர் 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மையத்தைத் தொடங்கினார். 1955-ல் அங்கு சேர்ந்த டாக்டர் வி.சாந்தா, 2021-ல் மறையும்வரை அந்த வளாகத்தையே வாழ்க்கையாகக் கொண்டிருந்தார். காரப்பேட்டை மருத்துவமனை, 1969-ல் புற்றுநோயால் மறைந்த முதலமைச்சர் அண்ணாவின் பெயரைத் தாங்கியது. 1968-ல் முதலமைச்சரே சிகிச்சைக்காக நியூயார்க் போக வேண்டியிருந்தது. இன்று அவர் பிறந்த ஊரிலேயே அரசு சிகிச்சை கிடைக்கிறது. இது சின்ன மாற்றம் இல்லை.

இப்போது ஒரு குடும்பம் கேட்டுப் பெற வேண்டியவை இவை:

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு: ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அரசு மருத்துவமனையிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் பயன்படுத்தலாம். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தை அணுக வேண்டும். இலவச எண்: 1800 425 3993.

ஈ.எஸ்.ஐ.: மறைமலை நகர், மகேந்திரா சிட்டி தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள் கவனிக்க வேண்டியது. சாதாரண நோய்க்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு, குறிப்பிட்ட காலம் சந்தா கட்டியிருந்தால், 80 சதவீதம் வீதம் 2 ஆண்டுகள் வரை பெற வழி உண்டு. இது தெரியாமல் வேலையை விட்டுவிடக் கூடாது.

ரயில் சலுகை: சிகிச்சைக்காகப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் முழுக் கட்டணச் சலுகை, கூட வருபவருக்கு 75 சதவீதம். மருத்துவமனை டாக்டர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். வேலூர், மும்பை என்று தூரம் போகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

பேருந்து: சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் இலவசம். ஆனால், தூரப் பயணத்துக்கான மற்ற பேருந்துகளில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். இங்கேதான் கை கடிக்கிறது.

வீட்டுக்கே வரும் கவனிப்பு: 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி நிவாரணச் சிகிச்சையும் பிசியோதெரபியும் அடக்கம். வலியைத் தாங்கிக்கொண்டுதான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குணப்படுத்த முடியாத நிலையிலும் வலியைக் குறைக்க முடியும். அதைக் கேட்பது நோயாளியின் உரிமை.

மனசுக்கு: 14416 என்ற எண்ணில் இலவச மனநல ஆலோசனை கிடைக்கும். மருத்துவத் தகவலுக்கு 104. ‘எனக்கு ஏன் இந்த நோய்’ என்று அழுவது பலவீனம் ஆகாது. அந்த அழுகைக்கு இடம் கொடுக்காமல் ‘பாசிட்டிவா இரு’ என்று மட்டும் சொன்னால், அவர் அழுவதற்கு பாத்ரூமைத் தேடுவார்.

நடுவே நிற்க ஒருவர்

இவ்வளவும் இருக்கிறது. ஆனால், காப்பீடு ஒரு இடத்தில், படிவம் இன்னொரு இடத்தில், ஸ்கேன் ரிப்போர்ட் மூன்றாவது இடத்தில். எந்த கவுன்டரில் நிற்பது என்று தெரியாமல் திரும்பி வந்துவிடும் பெண்ணுக்கு இந்தத் திட்டங்கள் இருந்தும் இல்லாதது மாதிரிதான்.

இதற்கு உலகம் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஏழைக் கறுப்பினப் பெண்கள் நோய் முற்றிய பிறகே வருவதைக் கண்ட டாக்டர் ஹரால்ட் ஃப்ரீமேன், 1990-ல் நோயாளிகளுக்கு ‘வழித்துணை’ நியமிக்கும் முறையைத் தொடங்கினார். அந்த ஊர்க்காரர் ஒருவரே கூட இருந்து, அடுத்து எங்கே போகணும், எந்தத் தாள் வேணும் என்று பார்த்துக்கொள்வார். குறைந்த செலவில் பரிசோதனையும் வழித்துணையும் சேர்ந்த பிறகு, அங்கே 5 ஆண்டு உயிர்வாழ்வு விகிதம் 39 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாக உயர்ந்தது.

இந்தியாவிலும் இது புதிதல்ல. மும்பை டாடா நினைவு மருத்துவமனை இதற்கென்றே ஆட்களுக்குப் பயிற்சி தருகிறது. திட்டத்தின் பெயர் ‘கேவட்’. ராமனைக் கங்கை கடத்திவிட்ட படகோட்டி என்று பொருள். நமக்குத் தெரிந்த பெயரில் சொன்னால், குகன். படகையும் கடலையும் நம்பி வாழும் மாமல்லபுரம் கரைக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அக்கரை தெரிகிறது, கடத்திவிட ஆள் வேண்டும்.

அந்த ஆட்களைப் புதிதாகத் தேட வேண்டாம். ஊர் ஊராக மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. வீடு வீடாகப் போகும் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். சிகிச்சை முடித்து, மறுபடி கடைவீதியில் வியாபாரம் செய்யும் பெண்களும் இருக்கிறார்கள். ‘நானும் கரண்ட் வச்சேன், இதோ நல்லாத்தானே இருக்கேன்’ என்று அவர்களில் ஒருவர் சொல்லும் வார்த்தைக்கு இருக்கும் பலம் எந்த விளம்பரத்துக்கும் கிடையாது. நடிகை கௌதமி தன் நோயை மறைக்காமல் பேசி, பிறகு ‘லைஃப் அகெய்ன்’ அறக்கட்டளையைத் தொடங்கியதும் இந்த எண்ணத்தில்தான். பிரபலம் பேசினால் ஊருக்குக் கேட்கும். பக்கத்துத் தெரு அக்கா பேசினால் வீட்டுக்குள் கேட்கும்.

செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகம் செய்யக்கூடியது இது. ஒவ்வொரு வட்டாரத்திலும் இப்படிச் சிலரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். சேவை என்று பெயர் வைத்து ஏழைப் பெண்களின் உழைப்பை இலவசமாக வாங்கக் கூடாது. கதிர்வீச்சு நாட்களில் கடற்கரை ஊர்களிலிருந்து காரப்பேட்டைக்கு ஒரு வேன் விட்டால், பாதியில் நின்றுவிடும் சிகிச்சைகள் குறையும். குழுக்கள் சிகிச்சைக் காலத்தில் தவணையைத் தள்ளிவைக்கலாம்.

ஆபீஸில் என்ன செய்யலாம்?

ஓ.எம்.ஆரிலும் மகேந்திரா சிட்டியிலும் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அக்டோபரில் பிங்க் டி-ஷர்ட் போட்டு போட்டோ எடுப்பதில் தப்பில்லை. ஆனால், உங்கள் ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்யும் அக்காவுக்கு ஈ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்களா? அம்மாவின் கீமோவுக்கு லீவ் கேட்கும் சக ஊழியருக்கு, காரணம் கேட்டுக் குடையாமல் ஷிஃப்ட் மாற்றிக் கொடுக்க டீம் தயாரா?

வீட்டிலும் வேலை இருக்கிறது. ‘ஏதாச்சும் வேணும்னா சொல்லு’ என்பதைவிட ‘வியாழக்கிழமை நான் கூட வரேன்’ என்பது மேல. ரிப்போர்ட்டுகளை ஒரே ஃபைலில் அடுக்குங்கள். டாக்டர் சொல்வதைக் குறித்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் கை வைத்தியத்தை நோயாளிக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள். 30 வயதைத் தாண்டிய அம்மா, அக்கா, அத்தையைப் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். அங்கே மார்பகப் பரிசோதனை இலவசம்.

முக்கியமாகக் கணவர்களுக்கு. மார்பகத்தை எடுத்த பிறகு ஒரு பெண் கண்ணாடி முன்னால் நிற்கும்போது, அவருக்கு முதலில் தெரிய வேண்டியது வீட்டில் தன் இடம் மாறவில்லை என்பது. அதை எந்த மருத்துவமனையும் எழுதித் தர முடியாது.

சிகிச்சை முடிந்தாலும் பலருக்கு 5 முதல் 10 ஆண்டுகள் ஹார்மோன் மாத்திரை தொடரும். செக்கப் தொடரும். அதாவது, துணையும் அவ்வளவு காலம் வேண்டும். மருந்துக்கும் கட்டடத்துக்கும் தமிழ்நாடு பணம் ஒதுக்கப் பழகிவிட்டது. அடுத்த ஒதுக்கீடு, கையில் ஃபைலோடு தனியாக பஸ்ஸுக்கு நிற்கும் அந்தப் பெண்ணின் பக்கத்து சீட்டுக்கு இருக்கட்டும்.