இசைத்தட்டுக்குக் குளியல்

பரணிலிருந்து இசைத்தட்டுப் பெட்டியை இறக்கியாயிற்றா? கைக்குக் கிடைத்த துணியால் தேய்க்கக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் பாருங்கள். 78 என்று போட்டிருந்தால் அரக்குத் தட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். 33⅓ அல்லது 45 என்றால் வினைல். பார்வைக்கு இரண்டும் கறுப்பு, வைத்தியம்தான் வேறு.

அரக்கு, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். மர பீரோவுக்குப் பாலிஷ் போடுகிறவர் அவலரக்கை ஸ்பிரிட்டில்தானே ஊறவைக்கிறார்! ஆகவே ஸ்பிரிட்டோ, கைக்குத் தடவும் ஸானிடைஸரோ 78-இன் பக்கமே போகக் கூடாது. எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் காலமானார்; பேசும் படம் எதிலும் அவர் நடித்ததில்லை. அந்தக் குரல் நமக்கு மிஞ்சியிருப்பது இந்தத் தட்டுகளின் புண்ணியத்தில்தான். பஞ்சில் தொட்ட ஸ்பிரிட்டுக்கு அதைப் பலி கொடுக்கலாமா?

கழுவும் முறை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. மிருதுவான பிரஷ்ஷினால் முதலில் தூசியைத் தட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தூசியே கீறும். பிறகு அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. குழாய்த் தண்ணீர் வேண்டாம். உலர்ந்ததும் உப்பு வரிப்பள்ளங்களில் உட்கார்ந்துகொண்டு கரகரவென்று பாடும். பழைய மல் துணியை நனைத்துப் பிழிந்து, வரிகள் ஓடும் வழியிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே இழுக்க வேண்டாம். நடுக்காகிதத்தில் ஈரம் படக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த வேறு துணியால் ஒருமுறை துடையுங்கள். அரக்குத் தட்டை ஊறப் போடவே கூடாது. துடைத்த கையோடு ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள்.

உலர்த்துவதற்குத் தட்டு ஸ்டாண்டு போதும், நிழலில். வெயிலில் வைத்தால் வினைல் அப்பளமாக நெளிந்துவிடும். பளபளப்புக்காக எண்ணெய் தடவுகிறவர்களும் உண்டாம்! தூசிக்கு விருந்து வைப்பதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

பூஞ்சை பிடித்த உள்ளுறையைத் தயங்காமல் எறிந்துவிட்டுப் புதுக் காகித உறை போடுங்கள். படம் போட்ட வெளியுறையை மட்டும் எறிய மனம் வராது. அதைத் துடைத்து, காற்றாட உலர்த்தித் தனியே வையுங்கள். தட்டுகளைப் புத்தகம் போல நிறுத்தி அடுக்க வேண்டும்.

சுழல விடுமுன் முள்ளையும் பாருங்கள். சாவி கொடுக்கும் பழைய கிராமபோனின் எஃகு முள் 78-க்கு மட்டுமே. அதையும் ஒரு பக்கம் பாடியதும் மாற்றிவிட வேண்டும். 1963-இல் வந்த எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் சுப்ரபாதத் தட்டு வினைல். அதன்மேல் அந்த முள்ளை வைத்தால் ஒரே தடவையில் உழுதுவிடும்.