பார்க்காத குழிக்குக் கட்டணமா?

2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் சுயசான்று அளித்து இணையவழியில் உடனடி அனுமதி பெறலாம் என்ற முறையை 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்தது. சதுர அடிக் கணக்கில் கட்டணம் செலுத்தினால் போதும். அனுமதிக்கு முன் கள ஆய்வு கிடையாது. பணி முடிவுச் சான்றும் தேவையில்லை. அலைச்சலும் கையூட்டும் குறையும் என்ற அளவில் இதை வரவேற்கிறோம். ஆனால் வரைபடத்தின் மூலையில் சிறு கட்டமாக நிற்கும் செப்டிக் டேங்க் மண்ணுக்குள் எப்படிக் கட்டப்பட்டது என்பதைப் பார்க்க எவரும் வருவதில்லை.

விதி தெளிவாகவே இருக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி தொட்டியின் அகலம் 75 செ.மீ.க்கும், நீர்மட்டத்துக்குக் கீழான ஆழம் 1 மீட்டருக்கும், கொள்ளளவு 1,000 லிட்டருக்கும் குறையக் கூடாது. தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை மண்ணில் இறக்கும் இடம் குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். நடப்பதோ வேறு. ஐந்தாறு சிமென்ட் உறைகளை இறக்கி, அடியைப் பூசாமல் விட்டு, மேலே மூடி போட்டு அதையே செப்டிக் டேங்க் என்கிறார்கள். பத்து ஆண்டுகளாகியும் நிரம்பவில்லை என்று வீட்டுக்காரர் மகிழ்கிறார். நிரம்பாததற்குக் காரணம் அத்தனையும் நிலத்தடி நீருக்குப் போனதுதான் என்று அவரிடம் சொல்ல வேண்டிய பொறியாளர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை.

தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி மலையில் இந்த அலட்சியத்தின் விலை அதிகம். மலையாளி பழங்குடியினரின் குக்கிராமங்கள் மலையெங்கும் சிதறிக் கிடக்கின்றன. சரிவான நிலத்தில் மேல்வீட்டுக் கழிவு கீழ்வீட்டுக் கிணற்றைத் தேடிப் போகும். இம்மலையின் ஓடைகள் அடிவாரத்தில் வள்ளிமதுரை வரட்டாறு அணைக்குச் சேர்கின்றன. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்ததால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குப் பெருந்தொகை செலவிட்டு, 2013இல் காவிரி நீரைக் கொண்டுவந்த மாவட்டம் இது. மண் தந்த நஞ்சுக்கே இவ்வளவு பாடுபட்ட நிர்வாகம், மனிதர் சேர்க்கும் நஞ்சுக்கு ரசீது போட்டுக் கொடுப்பதை நாம் ஏற்க முடியாது.

கட்டணம் வேறு, வரி வேறு. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற சிரூர் மடம் வழக்கில் 1954இலேயே உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை வரையறுத்தது. வரிக்கு ஈடாகத் தனிப்பட்ட பணி எதையும் அரசு செய்ய வேண்டியதில்லை. கட்டணம் என்பது செய்யும் பணிக்கு ஈடாகப் பெறுவது. அமெரிக்காவின் பல மாவட்ட நிர்வாகங்கள் பொறியாளர் வடிவமைத்த தொட்டிக்குக் கணிசமான கட்டணம் வாங்குகின்றன. ஆனால் அங்கே மண் எவ்வளவு நீரை உறிஞ்சும் என்பதைச் சோதித்து, குழியை மூடுமுன் நேரில் பார்த்த பிறகே அனுமதி. இங்கே பணியே இல்லை, கட்டணம் மட்டும் இருக்கிறது. இது தவறு. ஏழையிடம் வாங்கும்போது அநீதியும்கூட.

சுமை இறுதியில் யார் தலையில் விழுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. கையால் மலம் அள்ளும் தொழிலை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பின்னும் செப்டிக் டேங்குக்குள் இறங்கியவர்கள் மூச்சுத் திணறி இறக்கிறார்கள். இத்தகைய மரணங்களுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. முறையாகக் கட்டாத தொட்டிக்கு அனுமதி தந்த அலுவலகத்துக்கும் இம்மரணங்களில் பொறுப்பு உண்டு.

எனவே கழிவுநீர் உறிஞ்சு லாரி ஏற முடியாத குக்கிராமங்களில் செப்டிக் டேங்கை வற்புறுத்தாமல், கிணற்றிலிருந்து உரிய தொலைவில் இரட்டைக் குழிக் கழிப்பறை அமைக்க ஒன்றிய அலுவலகம் வழிகாட்ட வேண்டும். பழங்குடி வீடுகளுக்குக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி செய்யப்பட வேண்டும். விடுதி கட்ட வருவோரிடம் ஆய்வுச் செலவை முழுமையாக வசூலிக்கலாம். யாரிடம் வாங்கினாலும் குழியை மூடுமுன் ஒன்றியப் பொறியாளர் நேரில் பார்த்து, படமெடுத்து, கையொப்பமிட வேண்டும். உரிய காலத்தில் அவர் வராவிட்டால், செலுத்திய கட்டணத்தை ஊராட்சி திருப்பித் தர வேண்டும்.