கத்தரிக்கோல் வைத்தியம்

‘அண்ணே, தொண்டை கரகரங்குது. அமாக்ஸிசிலின் ரெண்டு குடுங்க.’

மெடிக்கல் ஷாப்காரர் சீட்டு கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது சட்டம். கத்தரிக்கோலால் அட்டையில் இரண்டை வெட்டித் தருகிறார். 2016-ல் மத்திய அரசு பிரசாரம் செய்த எச்சரிக்கைச் சிவப்புக் கோடும் சேர்ந்து வெட்டுப்படுகிறது. வாங்கியவர் இன்று ராத்திரி ஒன்று, நாளை ராத்திரி ஒன்று போட்டுக்கொள்வார். ‘ரெண்டுதானே, என்ன ஆயிடும்?’

பார்க்கலாம். மூச்சுக்குழாய் செல்களில் நுண்ணிய மயிரிழைகள் உண்டு. தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து இடைவிடாமல் மேலே பெருக்கித் தள்ளுபவை. எனவே தங்க நினைக்கும் கிருமி முதலில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும், ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல. கொல்லப் போதாத அளவு மருந்து இந்தப் பிடியை என்ன செய்யும்?

மருந்தைப் பொறுத்தது. ஜப்பானில் 1980-களில் ‘டிஃப்யூஸ் பான்பிராங்கியோலைட்டிஸ்’ என்ற கடுமையான மூச்சுக்குழாய் நோய்க்கு எரித்ரோமைசினைக் குறைந்த அளவில் மாதக்கணக்கில் கொடுத்தார்கள். சூடோமோனாஸ் கிருமியைக் கொல்ல அது போதாது. இருந்தும் நோயாளிகள் பிழைத்தார்கள். வீக்கம் தணிந்தது முக்கியக் காரணம். இந்த வகை மருந்தில் கிருமியின் பிடி தளர்வதையும் சோதனைச்சாலையில் பார்த்தார்கள்.

சந்தோஷப்பட வேண்டாம். 2005-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த சோதனையில், அதே சூடோமோனாஸுக்கு டோப்ராமைசினைச் சாகாத அளவு கொடுத்தபோது, அது கூட்டமாக ஒட்டிக்கொண்டு பிசுபிசுப்பான கோட்டை கட்டிக்கொண்டது. கோட்டைக்குள் இருப்பவனை முழு டோஸாலும் லேசில் அசைக்க முடியாது.

ஆகவே குறைந்த டோஸ் என்பது ‘கொஞ்சம் மருந்து’ அல்ல. கிட்டத்தட்ட வேறு மருந்து. அதை டாக்டர் தெரிந்து கொடுப்பது சிகிச்சை. நாம் கத்தரிக்கோலால் கொடுத்துக்கொள்வது சூதாட்டம். பெரும்பாலான தொண்டை வலிக்குக் காரணம் வைரஸ். அதற்கு ஆன்டிபயாடிக் எந்த அளவிலும் வேலை செய்யாது என்பது கூடுதல் வேடிக்கை.

‘டாக்டர்களே இப்ப கோர்ஸைக் குறைக்கிறாங்களே?’ குறைக்கிறார்கள், நாட்களை. வேளைக்கு எவ்வளவு என்பதை அல்ல.

பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங், 1945-லேயே நோபல் உரையில் அரைகுறை டோஸ் ஆபத்து என்று எச்சரித்துவிட்டார். 80 வருஷமாக நாம் கேட்கவில்லை.

டாக்டர் ஃபீஸ், கிளினிக்கில் காத்திருப்பு எல்லாம் நிஜம்தான். வெறும் தொண்டைக் கரகரப்பென்றால் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். காய்ச்சல், மூச்சிரைப்பு என்றால் டாக்டரிடம் போங்கள். என்றைக்காவது கடைக்காரர் ‘சீட்டு எங்கே?’ என்று கேட்டால் சண்டை போடாதீர்கள். நன்றி சொல்லுங்கள்.