ஒழுகும் கூரையின்கீழ் முதுமை



2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. இன்றும் மழைக்கு அஞ்சியே பல முதியோர் பழைய வீடுகளில் தனித்து வாழ்கின்றனர். அரசுத் திட்டங்களில் முன்னாளில் கட்டப்பட்ட ஊரக வீடுகளுள் இரண்டரை இலட்சத்தை, 2,000 கோடி ரூபாயில் பழுதுபார்க்கப்போவதாகத் தமிழக அரசு 2024-இல் அறிவித்தது. நற்செயலே! ஆயினும், 2021-இல் மாநகராட்சியாகிவிட்ட தாம்பரத்து மூதாட்டிக்கு அது எட்டாது. எட்டும் ஊர்களிலும், விண்ணப்பம் எழுதக் கண்ணும் அலுவலகம் ஏறக் காலும் வேண்டுமே! வழுக்கும் குளியலறையில் ஒரு கைப்பிடி, ஒழுகும் கூரைக்குச் சிறிது சிமெண்டு, பெருஞ்செலவன்று. ஆலயங்களைப் பழுதுபார்க்க அரசு நிதியுதவி பெறுகிறோம், நன்கொடையும் திரட்டுகிறோம். அடுத்த தெருப் பாட்டியின் கூரையை யார் பார்ப்பது? இம்மாதம் ஒவ்வோர் அன்பியமும் ஒரு முதியவரின் கதவைத் தட்டட்டும். விண்ணப்பத்தையோ கரண்டியையோ கையில் எடுக்கட்டும்.