பாதி மருந்து போட்டா பாதி ஆபத்தா?

ஒரு வாரமா மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கற விசயம். எழுதித் தொலைச்சாத்தான் தூக்கம் வரும். தறி, முருகன், பழைய சினிமான்னு எழுதிட்டிருந்தவன் திடீர்னு துப்பாக்கியைத் தூக்கறானேன்னு பயப்படாதீங்க மக்களே. படிச்சுட்டு பின்னூட்டத்துல கும்முங்க :-)

டெக்சாஸ்ல இருக்கற பெரியம்மா பையன் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தாரு. சென்னிமலை 1320 படியையும் ஏறிட்டு, மேல மண்டபத்துல மூச்சு வாங்க உக்காந்தோம். அப்பத்தான் தன்னோட புதுப் பொழுதுபோக்கைப் பத்தி ஆரம்பிச்சாரு. சுட்டு முடிச்ச தோட்டாவோட பித்தளைக் கூடு, ப்ரைமர், மருந்து, குண்டு, எல்லாத்தையும் தனித்தனியா வாங்கி வீட்டு கராஜ்லயே தோட்டா தயார் பண்ணிக்கறாராம். அங்க அது சட்டப்படி தப்பில்ல. வீட்டுல இருக்கறது .357 மேக்னம் ரிவால்வர். பாப்பாவுக்கு இப்ப பத்தொம்பது வயசு, அவளும் சுடப் பழகறா. உதை தாங்கல, மணிக்கட்டு வலிக்குதுங்கறா.

"அதுக்கென்னடா? புஸ்தகத்துல போட்டிருக்கறதுல பாதி மருந்து போட்டுக் குடுத்தாப் போச்சு. கம்மி மருந்து, கம்மி உதை, கம்மி ஆபத்து."

"ஏனுங்ணா, என்ன மருந்துங்ணா போடறீங்க?"ன்னு கேட்டேன். ஹெச் 110ன்னாரு. எனக்குப் பகீர்னுது.

துப்பாக்கி மருந்தை ரசத்துக்குப் போடற உப்பு மாதிரி நினைக்கறதுதான் இங்க கோளாறு. உப்பு குறைஞ்சா ருசி குறையும், அவ்வளவுதான். மருந்து அப்படி இல்லீங்க. ஹெச் 110 மெதுவா எரியற ரகம். ஒழுங்கா எரியணும்னா கூட்டுக்குள்ள நல்ல அழுத்தம் வேணும், கூடும் கிட்டத்தட்ட நிறைஞ்சிருக்கணும். அதை விக்கற ஹாட்ஜ்டன் கம்பெனியே, குடுத்திருக்கற அளவுல இருந்து 3 சதவீதத்துக்கு மேல குறைக்காதீங்கன்னு எச்சரிக்குது. நம்ம அண்ணன் குறைக்கறேன்னு சொன்னது 50 சதவீதம்!

பாதி போட்டா என்ன ஆகும்? கூட்டுக்குள்ள மருந்து அங்கிட்டும் இங்கிட்டும் உருளும். ப்ரைமர் தீயைப் பத்த வெச்சாலும் மருந்து முழுசா எரியாமப் பாதியில அணைஞ்சு போகலாம். குண்டு கெளம்பி, வெளிய வராம குழலுக்கு நடுவுல சிக்கிக்கும். வழக்கமான 'டமார்' இருக்காது. 'டொப்'புன்னு ஒரு சத்தம், உதையே தெரியாது. சுடறவ என்ன நினைப்பா? "அட, அப்பா சொன்ன மாதிரியே உதை கம்மியாயிருச்சு"ன்னு சந்தோசமா அடுத்த தடவை விசையை அமுக்குவா. குழல் அடைச்சிருக்க, பின்னாடியே அடுத்த குண்டு வரும். அந்த ரெண்டாவது தோட்டாதாங்க ஆபத்து. குழல் வீங்கும், இல்ல வெடிக்கும்.

எங்க அப்பாரு இதை துப்பாக்கியே தொடாம தெரிஞ்சு வெச்சிருந்தாரு. நம்ம பக்கம் கெணறு வெட்டறதுன்னா பாதிக்கு மேல பாறைதான். குழி போட்டு, தோட்டா வெச்சு, திரி பத்த வெச்சுட்டு மேல ஏறி வந்து காதைத் தீட்டிட்டு எண்ணுவாங்களாம். பத்து குழிக்குப் பத்து சத்தம் கேக்கணும். ஒம்பதுதான் கேட்டுச்சுன்னா ஒருத்தனும் உள்ள எறங்கக் கூடாது. வெடிச்ச ஒம்பதை விட வெடிக்காத ஒண்ணுக்குத்தான் பயம். தீபாவளிக்குப் புஸ்ஸுன்னு போன வெடிகிட்ட போகாதடான்னு நம்ம எல்லாரையும் கத்துனவங்கதானே நம்ம அம்மாக்கள்?

பாதி மருந்தை விடுங்க, மருந்தே இல்லாத தோட்டா ஒரு ஆளைக் கொன்ன கதை தெரியுமா? புரூஸ் லீயோட பையன் பிராண்டன் லீ. 1993 மார்ச் 31, அமெரிக்காவுல வில்மிங்டன் ஊர்ல 'தி க்ரோ' படப்பிடிப்பு. க்ளோசப்புல காட்ட டம்மி தோட்டா வேணும்னு, நெஜத் தோட்டாவைப் பிரிச்சு மருந்தைக் கொட்டிட்டு குண்டைத் திரும்ப மாட்டுனாங்க. ப்ரைமரை எடுக்கல. யாரோ விசையை அமுக்க, அந்தத் துளியூண்டு ப்ரைமரோட பலத்துலயே குண்டு கெளம்பி .44 மேக்னம் ரிவால்வர் குழலுக்குள்ள போய் உக்காந்துருச்சு. யாரும் கவனிக்கல. அப்புறம் சுடற காட்சிக்கு, குண்டு இல்லாத, சத்தத்துக்கு மட்டும் மருந்து இருக்கற தோட்டாவைப் போட்டாங்க. குழல்ல இருந்த குண்டைப் பின்னாடி இருந்து அது தள்ளுச்சு. இருபத்தெட்டு வயசுப் பையன் வயித்துல குண்டு பாஞ்சு அன்னைக்கே செத்தான். சினிமாப் பதிவு எழுதறவங்க இதை 'லீ குடும்ப சாபம்'னு எழுதிட்டுப் போயிருவாங்க. சாபமுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. குழலை யாரும் பாக்கலை, அவ்வளவுதான்.

"சரிடா, அப்ப வேகமா எரியற மருந்து வாங்கிக்கறேன்"னாரு அண்ணன். அது சரியான வழிதான். ஆனா அங்க வேற பள்ளம் இருக்கு. .38 ஸ்பெசல் மாதிரிக் கூடெல்லாம் 1890கள்ல, கரும்மருந்து காலத்துக்குச் செஞ்ச அளவு. வேகமா எரியற புகையில்லா மருந்து கொஞ்சூண்டு போட்டாப் போதும், கூட்டுக்குள்ள பாதிக்கு மேல காலியாக் கெடக்கும். பேசிட்டே வேலை செய்யறப்ப ஒரே கூட்டுல மறந்து ரெண்டு தடவை போட்டாலும் வழியாது, குண்டு அழகா மூடிக்கும். உதை கம்மியா இருக்கணும்னு செஞ்ச தோட்டா, ரிவால்வரோட உருளையையே பொளந்துரும்.

அளவு எவ்வளவு பொடுசுன்னு தெரியணுமா? இதை கிரெயின்ல நிறுக்கறாங்க. ஒரு கிரெயின் கிட்டத்தட்ட 65 மில்லிகிராம், நம்ம ஆசாரிங்க வெச்சிருந்த குண்டுமணியில பாதி. அதுல பத்துல ஒரு பங்கு கூடுச்சா குறைஞ்சுச்சான்னு பாக்கணும். இதைக் கண்ணளவுல, கரண்டி அளவுல போடலாம்னு சொல்றவங்களை என்ன சொல்ல? பவுன் வாங்கறப்ப மட்டும் தராசு முள்ளையே பாப்போம்.

"நான் ரெண்டு வருசமாப் பண்றேன், ஒண்ணும் ஆகல"ன்னாரு அடுத்தது. பெருந்துறை ரோட்டுல ஹெல்மெட் இல்லாமப் போறவன் எல்லாம் இதேதாங்க சொல்றான். விழுந்தவன் வந்து சொல்ல மாட்டான்.

உதை குறையணுமா, நேர் வழி இருக்கு. .357 ரிவால்வர்ல .38 ஸ்பெசல் தோட்டாவும் போடலாம். இலக்கு சுடறவங்களுக்குன்னே 148 கிரெயின் வாட்கட்டர்னு மென்மையான ரகம் கடையிலயே இருக்கு. கனமான துப்பாக்கியா எடுத்தா உதை இன்னும் குறையும். இல்ல, நானேதான் செய்வேன்னா, மருந்துக் கம்பெனியோட அட்டவணையில அந்தக் குண்டுக்கு, அந்த மருந்துக்குப் போட்டிருக்கற ஆரம்ப அளவுல நில்லுங்க. அதுக்குக் கீழயும் போகாதீங்க, உங்க கணக்கும் போடாதீங்க. மேசையில ஒரே ஒரு மருந்து டப்பா. குண்டு மாட்டறதுக்கு முன்னாடி எல்லாக் கூட்டையும் வரிசையா நிக்க வெச்சு, லைட் அடிச்சு, ஒவ்வொண்ணா உள்ள எட்டிப் பாருங்க. ஒண்ணுல மட்டம் ஏறியோ எறங்கியோ தெரிஞ்சா கொட்டிட்டு மறுபடி. சுடறப்ப சத்தம் வித்தியாசமாக் கேட்டா அங்கயே நிறுத்தி, துப்பாக்கியைக் காலி பண்ணிட்டு குழலைப் பாத்துட்டுத்தான் அடுத்தது.

டிஸ்கி: நம்மூர்ல இருந்துட்டு இதைப் படிச்சு ஆர்வமாகற சிங்கங்களே, ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5. லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிச்சா 2019 திருத்தத்துக்கப்புறம் குறைஞ்சது ஏழு வருசம், ஆயுள் வரைக்கும் போகும். துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்குன்னா அது தோட்டா செய்யறதுக்கு லைசென்ஸ் ஆகாது.

நேத்து ராத்திரி அண்ணன் போன் பண்ணுனாரு. எல்லாத்தையும் திரும்பச் சொன்னேன். "பாக்கலாண்டா தம்பி"ன்னு வெச்சுட்டாரு. நம்மூர்ல 'பாக்கலாம்'னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். அதனால இந்தப் பதிவோட சுட்டியை நேரா அண்ணிக்கு அனுப்பிட்டேன். பாப்பாவுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. சனிக்கிழமை ரேஞ்சுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி உக்கார வெச்சுப் படிச்சுக் காட்டறேன்னு அண்ணி சொல்லியிருக்காங்க.